சர்வர் எப்போது கூப்பிட வேண்டும்?

வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. ஆனால் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதுமே முதல் கட்ட வெள்ள அபாய எச்சரிக்கை வந்துவிடும். 68.5 அடியில் இரண்டாம் கட்டம், 69 அடியில் மூன்றாம் கட்டம். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என ஐந்து மாவட்டங்களின் ஆற்றங்கரைகளுக்கும் தகவல் போகும். நிலக்கோட்டை வட்டத்தில் பேரணை, அணைப்பட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த மூன்று எண்களும் மனப்பாடம். 66 என்று பேப்பரில் பார்த்தால், ஆற்றோரம் மோட்டார் வைத்திருப்பவர் அதைத் தூக்கி மேலே வைக்க ஆள் தேடுவார். 69 என்றால் ஆள் தேட நேரமில்லை.

இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையே இரண்டரை அடி. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே வெறும் அரை அடி. அளவுகோல் வைத்துச் சமமாகப் பிரிக்கவில்லை. முதல் அறிவிப்பு மூட்டை கட்டுவதற்கு, கடைசி அறிவிப்பு கரையை விட்டு ஏறுவதற்கு. தண்ணீர் எவ்வளவு என்பதோடு, கரையில் இருப்பவனுக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்பதும் அந்த எண்களுக்குள் இருக்கிறது.

கணினிச் சேவையகம் ஒன்றுக்கு, அதாவது நாம் எல்லோரும் சர்வர் என்றே சொல்லும் அந்தப் பெட்டிக்கு, தானியங்கிக் கண்காணிப்பு வைப்பதும் இதே வேலைதான். எந்த அளவைப் பார்ப்பது, எந்த இடத்தில் கோடு போடுவது, கோட்டைத் தாண்டினால் யாரை எழுப்புவது. மென்பொருளை நிறுவ அரை மணி நேரம் போதும். இந்த மூன்று கேள்விக்கும் பதில் சொல்லத்தான் மாதக்கணக்கில் ஆகிறது.

திண்டுக்கல்லில் ஏது சர்வர் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேடசந்தூர் சாலை நூற்பாலைகளின் இருப்புக் கணக்கு, ஒட்டன்சத்திரம் கமிஷன் மண்டியின் பட்டியல், ஸ்கேன் சென்டரின் படங்கள், கல்லூரியின் மதிப்பெண்கள் எல்லாம் எங்கோ ஒரு பெட்டியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. சில மும்பையில் வாடகைக்கு எடுத்தவை. சில மாடிப்படிக்குக் கீழே, பழைய பில் புத்தகக் கட்டுகளுக்குப் பக்கத்தில். இவற்றில் பலவற்றுக்கு இன்றும் ஒரே கண்காணிப்பு முறைதான். காலையில் ஒரு போன் வரும்: “அண்ணே, பில்லு போக மாட்டேங்குது. சுத்திக்கிட்டே இருக்கு.”

அந்தப் போன் வந்த நேரத்தில் கோளாறு பிறந்து பல மணி நேரம் ஆகியிருக்கலாம். ராத்திரி ஒரு மணிக்கு டிஸ்க் நிரம்பியிருக்கும். இரண்டு மணிக்கு பேக்கப் பாதியில் நின்றிருக்கும். எட்டேகாலுக்கு முதல் ஆள் வந்து பட்டனைத் தட்டும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது.

முதலில், எதைப் பார்ப்பது? பெட்டிக்கு மின்சாரம் இருக்கிறதா, வலைப்பின்னலில் பதில் சொல்கிறதா என்பது அடிமட்டம். அதற்கு மேலே, வேண்டிய செயலிகள் ஓடுகின்றனவா என்பது. பெரும்பாலோர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். தரவுத்தளச் செயலி ஓடுகிறது, வலைச் செயலியும் ஓடுகிறது, பச்சை விளக்கு எரிகிறது. ஆனால் தரவுத்தளம் ஏற்கக்கூடிய இணைப்புகள் எல்லாம் யாரோ பிடித்துவைத்து விடாமல் இருந்தால், புதிதாக வருகிறவர் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். செயலி சாகவில்லை, வேலையும் நடக்கவில்லை. நம்ம ஊர் பாஷையில் சொன்னால் சர்வர் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஆகவே கண்காணிப்பு நிரல் வாடிக்கையாளர் மாதிரி நடந்துகொள்ள வேண்டும். நுழைவுப் பக்கத்தைக் கேட்க வேண்டும். வந்த பக்கத்தில் ஆலையின் பெயர் இருக்கிறதா என்று தேட வேண்டும், ஏனென்றால் “பிழை ஏற்பட்டுவிட்டது” என்ற பக்கமும் பக்கம்தான், அதுவும் வேகமாகவே வரும். ஐந்து நொடிக்குள் வந்ததா என்று கணக்கு வைக்க வேண்டும். இன்னும் ஒரு படி மேலே போய், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை போலி வாடிக்கையாளர் பெயரில் ஒரு ரூபாய்க்கு பில் போட்டு, அது தரவுத்தளத்தில் ஏறியதா என்று திரும்பப் படித்துப் பார்ப்பவர்களும் உண்டு. சோதனைகளிலேயே நம்பகமானது இதுதான். அந்த ஒரு ரூபாய் பில்கள் ஜிஎஸ்டி கணக்கில் போய் உட்காராமல் பார்த்துக்கொள்வது ஆடிட்டருக்கு நாம் செய்யும் உபகாரம்.

கருவிகளுக்குப் பஞ்சமில்லை. ஈதன் கால்ஸ்டாட் என்ற அமெரிக்கர் 1999இல் நெட்செயின்ட் என்ற பெயரில் வெளியிட்டு, பிறகு நேகியோஸ் ஆன கருவி ஒரு தலைமுறை நிர்வாகிகளை வளர்த்தது. லாட்வியாவில் பிறந்த ஜாபிக்ஸ், 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்துக்குள் தொடங்கிய புரோமிதியஸ் என்று வரிசை நீளும். இந்த வரிசையில் தமிழ்நாட்டின் பங்கு சின்னதல்ல. இன்று சோஹோ என்று அறியப்படும் நிறுவனம் 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது அதன் தொழிலே வலைப்பின்னல் மேலாண்மை மென்பொருள்தான். அங்கிருந்து வந்ததுதான் மேனேஜ்எஞ்சின். இணையதளம் உயிரோடு இருக்கிறதா என்று உலகின் பல ஊர்களிலிருந்து தட்டிப் பார்க்கும் சைட்24x7 சேவையும் அவர்களுடையதே.

அந்த நிறுவனத்துக்கே 2018 செப்டம்பர் 24 அன்று நடந்ததை இந்தத் துறைக்கு வரும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். சோஹோவின் சர்வர்கள் எல்லாம் நலம். டிஸ்க் நலம், நினைவகம் நலம், செயலிகள் நலம். ஆனால் கோடிக்கணக்கான பயனர்களில் பலரால் உள்ளே நுழைய முடியவில்லை. சோஹோ டாட் காம் என்ற முகவரியைப் பதிவு செய்து வைத்திருந்த அமெரிக்கப் பதிவு நிறுவனம், மோசடி மின்னஞ்சல் புகார்களைக் காரணம் காட்டி அந்த முகவரியையே முடக்கிவிட்டது. கடை திறந்திருக்கிறது, சரக்கு இருக்கிறது, தெருவின் பெயர்தான் ஊர் வரைபடத்தில் இல்லை. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் வந்து உதவி கேட்க வேண்டியதாயிற்று. முடக்கம் நீங்கிய பிறகும், உலகெங்கும் உள்ள பெயர்ச் சேவையகங்கள் பழைய பதிலையே கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருந்ததால், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சரியாகவில்லை. பிறகு சோஹோ தன் முகவரிப் பதிவை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டது.

சர்வருக்குள் எத்தனை அளவுமானிகள் வைத்தாலும் இந்த மாதிரிக் கோளாறு தெரியாது. பெட்டிக்குள் இருந்து பார்ப்பதற்கும் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் நின்று போனில் திறந்து பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. இரண்டு கண்களும் வேண்டும்.

அடுத்தது, கோடு போடுவது. டிஸ்க் 80 விழுக்காடு நிரம்பினால் சொல் என்று எல்லோரும் எழுதி வைப்பார்கள். 500 ஜிபி டிஸ்கில் 80 விழுக்காடு போக மிச்சம் 100 ஜிபி. நாளைக்கு ஒரு ஜிபி வீதம் சேர்ந்தால் இன்னும் நூறு நாள் இருக்கிறது, தூக்கத்தைக் கெடுக்கத் தேவையில்லை. ஏதோ ஒரு செயலிக்குக் கிறுக்குப் பிடித்து நிமிடத்துக்கு ஒரு ஜிபி பிழைக்குறிப்பு எழுதத் தொடங்கினால் நூறு நிமிடம்தான். ஒரே 80, இரண்டு வேறு உலகம். அதனால் புரோமிதியஸ் போன்ற கருவிகளில், கடந்த சில மணி நேரப் போக்கை நேர்கோடாக நீட்டி, இதே வேகத்தில் போனால் நான்கு மணி நேரத்தில் தீர்ந்துவிடுமா என்று கேட்கும் வசதி இருக்கிறது. மட்டத்தை மட்டும் பார்க்காமல் ஏறும் வேகத்தையும் பார்ப்பது.

இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில் 1977இல் குடகனாறு அணையின் மண்கரை உடைந்தது. ஷட்டர்களைத் திறந்தும், வந்த வெள்ளம் வெளியேறிய நீரை மிஞ்சிக் கரைக்கு மேலேயே ஏறி, பின்சரிவை அரித்துவிட்டது. எச்சரிக்கைக் கோட்டைப் பற்றிப் பேசும்போது மறந்துவிடக் கூடாத உண்மை இது: வெளியேற்றும் திறனும் கணக்கில் சேர்ந்தது. பழைய கோப்புகளை நீக்க அதிகாரம் உள்ளவர் விடுமுறையில் கொடைக்கானலில் இருந்தால், 80 விழுக்காட்டில் சொன்னாலும் 95இல் சொன்னாலும் ஒன்றுதான்.

வெப்பத்துக்கும் இதே கதை. சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது நல்லது என்று அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே பரிந்துரைக்கிறது. திண்டுக்கல் சித்திரை வெயிலில் அது ஏசியின் தயவு. கரண்ட் போனால் யூபிஎஸ் சர்வரைத் தாங்கும், ஏசியைத் தாங்காது. சர்வர்கள் ஓடி வெப்பத்தைக் கக்கிக்கொண்டே இருக்க, பூட்டிய சின்ன அறை சூடேறும். மின்சாரம் திரும்பியதும் ஏசி தானாக ஓடாமல், யாராவது ரிமோட்டை அழுத்தக் காத்திருக்கும் ரகமாக இருந்தால் போச்சு. ஞாயிற்றுக்கிழமை மதியம் ரிமோட்டை அழுத்த யார் இருக்கிறார்கள்? அறையில் சில நூறு ரூபாய்க்கு ஒரு வெப்பமானி வைத்து அதன் எண்ணையும் கண்காணிப்பில் சேர்த்துவிட்டால், டிஸ்க் பழுதாவதற்கு முன்னால் ஏசி நின்றது தெரிந்துவிடும். சிற்றூர் சர்வர் அறைகளில் நான் முதலில் கேட்பது இந்த வெப்பமானி எங்கே என்றுதான்.

சின்ன இடங்களுக்கு எனக்குப் பிடித்த கருவி மோனிட். பெரிய திரை, வண்ண வரைபடம் எதுவும் கிடையாது. விதிகளைப் பேச்சு வழக்கில் சொல்வது போலவே எழுதலாம். தமிழில் சொன்னால் ஒரு விதி இப்படி இருக்கும்: இரண்டு நிமிடத்துக்கு ஒரு சுற்று பார். வலைச் சேவை ஐந்து சுற்றுகளில் மூன்று முறை பதில் தராவிட்டால் மறுதொடக்கம் செய். ஐந்து சுற்றுக்குள் ஐந்து முறை மறுதொடக்கம் செய்தும் எழுந்திருக்காவிட்டால், தொடாதே, எனக்குச் சொல்.

இதில் ‘ஐந்தில் மூன்று’ என்பது அனுபவத்தின் குரல். வலைப்பின்னல் ஒரு கணம் தும்மினாலே அலெர்ட் அனுப்பினால் நாளுக்கு நாற்பது வரும். ‘தொடாதே’ என்பது இன்னும் பெரிய அனுபவம். விழுந்ததை எழுப்பு, விழுந்ததை எழுப்பு என்று முடிவில்லாமல் செய்தால் சில சமயம் தரவுத்தளம் தன்னைத் தானே சரிசெய்துகொண்டிருக்கும்போதே கழுத்தைப் பிடித்து மீண்டும் தூக்குவதாகிவிடும். லினக்ஸில் இன்று பரவலாக உள்ள சிஸ்டம்டி கூட இயல்பாகப் பத்து நொடிக்குள் ஐந்து முறை முயன்றுவிட்டுக் கையை எடுத்துவிடும்.

தானாக மறுதொடக்கம் செய்யும் வசதிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, அது நோயை மறைக்கும். நினைவகத்தைத் தின்றுகொண்டே போகும் செயலி தினமும் ராத்திரி செத்து, தானாக எழுந்து, காலையில் நல்ல பிள்ளையாக நிற்கும். யாருக்கும் தெரியாது. தீபாவளி விற்பனை நாளில் மணிக்கு ஒரு முறை சாகும்போதுதான் தெரியும். எனவே எத்தனை முறை மறுதொடக்கம் ஆனது என்பதையே ஓர் அளவாக எடுத்து, வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும். அவசர அலெர்ட் வேண்டாம், திங்கட்கிழமைக் காலை ஒரு வரி போதும்.

அவசரம், அவசரமில்லை என்று பிரிப்பதில்தான் பெரும்பாலான ஏற்பாடுகள் சொதப்புகின்றன. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையில் விபத்து தொடங்கிய சில நிமிடங்களில் கட்டுப்பாட்டு அறையில் நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் ஒரே நேரத்தில் கத்தின. எது முக்கியம் என்று பிரித்துக் காட்ட எந்த ஏற்பாடும் இல்லை. அலாரங்களை வரிசையாக அச்சிட்டு வந்த இயந்திரம் ஒரு கட்டத்தில் நடப்புக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கியிருந்தது. தகவல் குறையவில்லை, மலை மாதிரிக் குவிந்தது. அறையில் இருந்தவர்களுக்கோ உலைக்குள் தண்ணீர் குறைகிறது என்ற ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டியிருந்தது, அது தெரியவில்லை.

நம் அலுவலகங்களில் இதன் சின்ன வடிவம், கண்காணிப்பு மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் தனி ஃபோல்டருக்குத் தள்ளிவிடும் விதி. எந்த நிர்வாகியின் பெட்டியைத் திறந்தாலும் அப்படி ஒரு ஃபோல்டர் இருக்கும், படிக்காத ஆயிரக்கணக்கான கடிதங்களோடு. அதற்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். ஓர் அலெர்ட் வந்தால் உடனே கையால் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்க வேண்டும். அந்த வேலை என்ன என்று அலெர்ட்டிலேயே எழுதியிருக்க வேண்டும். ‘சிபியு 91 விழுக்காடு’ என்பதை வைத்துக்கொண்டு ராத்திரி மூன்று மணிக்கு ஒரு மனிதன் என்ன செய்வான்? சிபியு உழைக்கத்தான் இருக்கிறது. பில் போட முடியவில்லை என்றால் எழுப்பு, மற்றதெல்லாம் விடியட்டும்.

சேவைகளைப் பற்றி இவ்வளவு போதும். கோப்புகளின் கதை வேறு.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு எல்லோரும் அறிந்தது. அதோடு சாவியைத் திருப்பும்போது மணி அடிக்கும் பூட்டும் இங்கே செய்வார்கள். சாதாரணப் பூட்டு திருடனைத் தடுக்கப் பார்க்கும். மணிப் பூட்டு, யாரோ திறக்கிறார்கள் என்று வீட்டுக்காரனுக்குச் சொல்லும். சரியான சாவியோடு வந்தவனையும் அது காட்டிக்கொடுக்கும் என்பதுதான் அதன் அருமை. கடவுச்சொல் திருடு போனபின் உள்ளே வருபவனிடம் இருப்பது சரியான சாவிதானே.

கோப்புக்கு மணி கட்டும் வழியை 1992இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஜீன் கிம் என்ற மாணவரும் யூஜின் ஸ்பாஃபோர்டு என்ற பேராசிரியரும் டிரிப்வயர் என்ற நிரலாக எழுதினார்கள். கருத்து எளிது. ஒரு கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் ஒரு கணிதச் சூத்திரத்தில் போட்டு அரைத்தால் கடைசியில் ஒரு சிறு கைரேகை வரும். இன்று பரவலாக உள்ள ஷா-256 முறையில் அது 256 பிட், எழுத்தில் 64 குறியீடுகள். ஆயிரம் பக்கக் கோப்பில் ஒரு காற்புள்ளியை மாற்றினால்கூடக் கைரேகை அடையாளமே தெரியாமல் மாறிவிடும். நல்ல நிலையில் இருக்கும்போது எல்லா முக்கியக் கோப்புகளின் கைரேகைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, தினமும் ஒப்பிட்டால் போதும். லினக்ஸ் கருவில் 2005இல் சேர்ந்த ஐநோட்டிஃபை வசதி, கோப்பை யாராவது தொட்ட கணமே கேட்கும் நிரல்களுக்குச் சொல்லிவிடும். ஒன்று ராத்திரி ரோந்து, மற்றது வாசல் மணி.

கைரேகைப் பட்டியலை அதே சர்வரில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே வந்தவன் கோப்பை மாற்றிவிட்டுப் பட்டியலையும் மாற்றிவிட்டுப் போவான். அது வேறு இடத்தில், இந்த சர்வரால் எழுத முடியாத இடத்தில் இருக்க வேண்டும்.

ஆனால் எல்லாக் கோப்புக்கும் ஒரே விதி போட்டால் முதல் நாளே மணி ஓயாது. கோப்புகளுக்குள் குணபேதம் உண்டு. சில மாறவே கூடாதவை: அமைப்புக் கோப்புகள், கடவுச்சொல் கோப்பு, வலைத்தளத்தின் நிரல். மாறினால் யார் மாற்றியது என்று கேட்க வேண்டும், அது நாமே செய்த மேம்படுத்தலாக இருந்தாலும். சில வளர மட்டுமே வேண்டியவை: நடப்புப் பதிவேடுகள், லாக் என்று சொல்கிறோமே அவை. லாக் வளர்ந்தால் இயல்பு. முறைப்படி சுழற்சி செய்யும் நேரம் தவிர வேறு எப்போதாவது அது சுருங்கினால், யாரோ தடயம் அழிக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். மூன்றாவது வகைதான் பலருக்கும் தோன்றாதது, தினமும் மாறியே ஆக வேண்டியவை. பேக்கப் கோப்பு அப்படிப்பட்டது. நேற்றைய தேதியில் புதுக் கோப்பு இல்லையென்றால் கோளாறு. இருந்து, அளவு சுழியமாக இருந்தாலும் கோளாறு. முந்தாநாள் 40 ஜிபி இருந்தது இன்று 2 ஜிபி என்றாலும் கோளாறு.

கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் களைத்த நேரத்தில், தவறான சர்வர் என்று தெரியாமல் முதன்மைத் தரவுத்தளத்தின் அடைவையே அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் நாலரை ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப் இருக்கிறதே என்று போனார்கள். பேக்கப் பெட்டி காலி. தரவுத்தள மென்பொருளின் பதிப்பும் பேக்கப் நிரலின் பதிப்பும் ஒத்துப்போகாததால் அது வெகு நாளாகத் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்ற ஒவ்வொரு முறையும் மின்னஞ்சலும் அனுப்பியிருக்கிறது. அந்த மின்னஞ்சல்களில் அனுப்புநரை உறுதிசெய்யும் டிமார்க் ஏற்பாடு இல்லாததால், பெறும் சர்வர் அவற்றை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது. வேறு ஒரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு யாரோ எடுத்துவைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். தன் தவறு ஒவ்வொன்றையும் அந்த நிறுவனம் மறைக்காமல் எழுதி வெளியிட்டது. அதனால்தான் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

அலெர்ட் வரவில்லை என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. எல்லாம் சரியாக இருக்கிறது என்பது ஒன்று. சொல்ல வேண்டியவன் செத்துவிட்டான் என்பது மற்றொன்று. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாகாணத்தில் ஒரு மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் பிற்பகல் 2.14க்குப் பிறகு அலாரம் மென்பொருள் ஓசையின்றி உறைந்துபோனது. நிரலின் இரண்டு பகுதிகள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் எழுத முயன்றதுதான் காரணம் என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். திரைகள் ஒளிர்ந்தன, அலாரம் மட்டும் வரவில்லை. அலாரம் இல்லையே, ஆகவே சிக்கல் இல்லை என்று இருந்துவிட்டார்கள். பக்கத்து நிறுவனங்களிலிருந்து போன் வந்தபோதும் தங்கள் திரையையே நம்பினார்கள். மரங்களில் உரசி ஒவ்வொரு கம்பித்தடமாகச் செயலிழந்துகொண்டிருந்தது. 4.10 மணி வாக்கில் அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்த்து சுமார் 5 கோடிப் பேர் மின்சாரம் இழந்தார்கள்.

இதற்கு மருந்து, ஏற்பாட்டைத் தலைகீழாகத் திருப்புவது. கோளாறு வந்தால் சொல் என்பதோடு, நலமாக இருக்கிறேன் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சொல்லிக்கொண்டே இரு என்றும் கட்டளை இட வேண்டும். அந்தக் குரலைக் கேட்பவர் வேறு கட்டடத்தில், முடிந்தால் வேறு ஊரில் இருக்க வேண்டும். குரல் நின்றால் அவர் மணியடிப்பார். பேக்கப் நிரலும் வெற்றியாக முடிந்த பிறகு மட்டும் ஒரு சொல் அனுப்ப வேண்டும், காலை ஆறு மணிக்குள் அந்தச் சொல் வராவிட்டால் வெளியே இருப்பவர் கூப்பிட வேண்டும். சிற்றூர்களுக்கு இது மிகவும் பொருந்தும். யூபிஎஸ் பேட்டரி தீர்ந்தால் சர்வரோடு சேர்ந்து ரவுட்டரும் அணைந்துவிடும், நான் அணைகிறேன் என்று சொல்லக்கூட வழி இருக்காது.

அலெர்ட் போகும் பாதையும் ஒரு சேவைதான், அதையும் கண்காணிக்க வேண்டும். நம் நாட்டில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நிறுவனங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ் ஒவ்வொன்றின் வாசக அமைப்பும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. 2021 மார்ச் 8 அன்று அந்தச் சரிபார்ப்பைக் கறாராக நடைமுறைப்படுத்தியதும், நாடு முழுவதும் வங்கிகளின் ஓடிபிகளே வந்து சேரவில்லை. மறுநாள் டிராய் அதை ஒரு வாரத்துக்கு நிறுத்திவைத்தது. வங்கிக்கே அந்தக் கதி என்றால், நீங்கள் அவசரத்தில் அலெர்ட் வாசகத்தில் ஒரு சொல்லைத் திருத்தினால் அது எங்கேயோ வடிகட்டப்பட்டு நின்றுவிடும். அதனால் பலரும் டெலிகிராம், மின்னஞ்சல், தானியங்கிப் போன் அழைப்பு என்று இரண்டு மூன்று வழிகளை வைத்துக்கொள்கிறார்கள். மாதம் ஒரு முறை, சொல்லிவிட்டு, ஒரு சேவையை வேண்டுமென்றே நிறுத்திப் பார்ப்பது நல்லது. யாருடைய போன் அடிக்கிறது, எத்தனை நிமிடத்தில் அடிக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

இப்போது இந்தக் கண்காணிப்பு வேலைக்குச் சட்டமும் வந்துவிட்டது. செர்ட்-இன் என்ற மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, பட்டியலில் உள்ள இணையப் பாதுகாப்புச் சம்பவம் ஒன்று கவனத்துக்கு வந்த ஆறு மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டும். லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். எல்லாக் கணினிகளின் கடிகாரமும் அரசின் நேரச் சேவையகங்களோடு ஒத்துப்போக வேண்டும். கடைசி விதியைப் பார்த்து, இதெல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றும். ஒரு சர்வரின் கடிகாரம் முந்தியும் இன்னொன்றின் கடிகாரம் பிந்தியும் ஓட, இரண்டின் லாக்குகளையும் பக்கத்தில் வைத்து எது முதலில் நடந்தது என்று ராத்திரியில் விரல் விட்டு எண்ணியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கடைசியாக ஒன்று, இதுவரை சொன்னவற்றில் மிகச் சுலபமானது, ஆனால் அதிகம் பேர் கோட்டை விடுவது. இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ். அது காலாவதியாகும் தேதி அதன் மேலேயே எழுதியிருக்கிறது, ஊகிக்க எதுவும் இல்லை. அப்படியும் ஒரு நாள் காலையில் ‘இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல’ என்று உலாவி மிரட்டிய பிறகுதான் பலருக்கு நினைவு வருகிறது. முன்பு 398 நாளுக்கு ஒரு முறை புதுப்பித்தால் போதும் என்று இருந்தது. சான்றிதழ் வழங்குவோரும் உலாவி நிறுவனங்களும் சேர்ந்த அமைப்பு 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, புதுச் சான்றிதழ்களின் ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். அதன் பிறகு டைரியில் குறித்துவைத்துக் கையால் புதுப்பிப்பது நடக்காத காரியம், தானாகப் புதுப்பிக்கும் நிரல் வேண்டும். அந்த நிரல் ஒழுங்காகப் புதுப்பித்ததா என்று வெளியிலிருந்து பார்த்து, பதினைந்து நாள் மிச்சம் இருக்கும்போதே சொல்ல இன்னொரு நிரலும் வேண்டும்.